மஞ்சள் மட்டும் தீரவில்லை

எங்கள் கடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கலர் லேசர் பிரிண்டர். என் வீட்டுக்காரர் அவளுக்கு வைத்த பெயர் இளையவள். அப்படியென்றால் மூத்தவள் யார் என்று யாரும் என்னிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

பெயர்தான் இளையவள், அவளுக்கும் வயதாகிவிட்டது. காலையில் சுவிட்சைப் போட்டால் முக்கி முனகி, தொண்டையைச் செருமி, வயிற்றுக்குள் எதையோ உருட்டி, அதற்கப்புறம்தான் பச்சை விளக்கைக் காட்டுவாள். அதற்குள் நான் கடையைப் பெருக்கி முடித்து, வெட்டுக் கத்தியைத் துடைத்து, நேற்று வெட்டிய விசிட்டிங் கார்டுகளைப் பெட்டியில் அடுக்கியிருப்பேன். இவர் எதையும் தொடமாட்டார். அவள் பக்கத்திலேயே நின்று மூடியைத் தடவிக்கொண்டிருப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இப்படி நெற்றியைத் தடவியதில்லை.

விளக்கு எரிந்ததும் ருசி பார்க்கும் சடங்கு ஆரம்பிக்கும். ருசி பார்ப்பது என்பது எங்கள் கடைப் பேச்சு. அன்றைக்கு முதலில் ஒரு தாள் அடிப்பார். அதில் எங்கள் மகளின் பள்ளிக்கூடத்து முகம், ஒரு பழம், ஒரு இலை, ஓரத்தில் ஒரு சாம்பல் பட்டை இருக்கும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, "சிவப்பு கொஞ்சம் தூவணும்", "மஞ்சள் ஒரு சிட்டிகை தூக்கலா இருக்கு" என்று சமையல்காரர் மாதிரி முணுமுணுப்பார். பிறகு அவளுடைய சின்னத் திரையில் பொத்தான்களை அமுக்கிக் கூட்டுவார், குறைப்பார். மறுபடி ஒரு தாள். மனசுக்குப் பிடித்துவிட்டால் என்னைப் பார்த்து ஒரே வாக்கியம்தான்:

"கூட்ட வேணாம், குறைக்க வேணாம். ஓட்டு."

அதற்கப்புறம்தான் எங்கள் கடையில் பிழைப்பு தொடங்கும்.

நிறத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் வசதி இளையவளுக்கே உண்டு. இவர்தான் அதை நிறுத்தி வைத்திருந்தார். "மெஷினுக்கு என்ன தெரியும்? அதுக்கு நாக்கா இருக்கு?" என்பார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரித் தாளை முன்பு சுவரில் மாட்டியிருந்தோம். வெயில் பட்டு அது வெளுத்ததும் கிழித்துப் போட்டுவிட்டு, "ஒரிஜினல் என் தலைக்குள்ள இருக்கு" என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். நானும் நம்பினேன். ஊரே நம்பியது. கலர் என்றால் அவர் கண்தான் என்று பக்கத்துத் தெருவிலிருந்து பெரிய அச்சகத்துக்காரர்களே தாளைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்ட காலம் உண்டு.

அந்தக் கண்ணுக்கு வந்தது சோதனை, கேக் கடை ரூபத்தில்.

திங்கட்கிழமை காலை கேக் கடைக்காரம்மா உள்ளே நுழைந்தாள். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருகிற பெண், அன்றைக்கு ஒரு நோட்டீஸை எடுத்து மேசைமேல் பொத்தென்று போட்டாள். அவள் இரண்டாவது கடை திறக்கப் போகிறாள், அதற்கு நாங்கள் அடித்துக்கொடுத்த நோட்டீஸ்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. இது பன்னா, பூஞ்சையா?"

குனிந்து பார்த்தேன். எனக்கே சகிக்கவில்லை. பொன்னிறமாக இருக்க வேண்டிய பன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்த மாதிரி நீலம் பாய்ந்து கிடந்தது. போதாததற்கு மேலிருந்து கீழ்வரை ஒரு வெளிறிய கோடு. அதுவும் போதாததற்கு கறுப்புப் புள்ளிகள், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக.

"புள்ளி வேற வெச்சிருக்கீங்க. ஈ மொய்க்குதுன்னு நானே விளம்பரம் பண்ணணுமா? இதைப் பார்த்துட்டு எவன் வந்து வாங்கித் தின்பான்?"

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க" என்றேன்.

வந்தார். நோட்டீஸைத் தூக்கிப் பிடித்தார். கோட்டையும் புள்ளியையும் பார்த்து முகம் சுருங்கியது. "கோடு விழுதுதான், ஒத்துக்கறேன். ஆனா கலருக்கு என்ன? கலர் அம்சமா இருக்கே."

"அம்சமா? அண்ணா, என் பன்னு நீலமா இருக்கு!"

"பேப்பர் அப்படிம்மா. இப்பல்லாம் பழுப்பா, மட்டமா குடுக்கறான். பேப்பர்காரனை மாத்தியாச்சு, புதுசா வந்தவனும் அதே பழுப்பைத்தான் குடுக்கறான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். கொஞ்ச நாளாகவே எனக்கும் நீலமாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னபோது, "கணக்கு உன்னுது, கலர் என்னுது" என்று அடக்கிவிட்டார். அப்புறம் தினமும் பார்க்கிற முகம் மெலிவது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாத மாதிரி அதுவும் பழகிப்போனது. வெள்ளிக்கிழமைக்குள் புதிதாக அடித்துத் தருகிறோம் என்று அவளிடம் கெஞ்சி அனுப்பினேன்.

அன்று மாலை மகள் வந்தாள். அவள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், எதையும் போனிலேயே முடித்துவிடும் சுறுசுறுப்பு. நோட்டீஸைப் பார்த்த கையோடு போனை எடுத்துவிட்டாள்.

"போதும்ப்பா. எக்ஸ்சேஞ்ச்ல பழசைக் குடுத்துட்டு புதுசு எடுத்துக்கலாம். சனிக்கிழமை வண்டி வந்து இதைத் தூக்கிட்டுப் போயிடும். புது மெஷின் எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும். நீங்க ருசியும் பார்க்க வேணாம், ஒண்ணும் பார்க்க வேணாம்."

இவர் சிரித்தார். "நல்லதும்மா. அவ போற அன்னைக்கு நானும் வீட்டுல உக்காந்துக்கறேன்."

மகள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். அது வேடிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் வேடிக்கையாகச் சொல்லும்போது சிரிக்கமாட்டார், முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வார். சிரித்துக்கொண்டே சொன்னால் அது நிஜம். குழாய் வேலைக்காகக் கடையை அடைத்திருந்த ஒரு வாரத்தில் இந்த மனுஷன் வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? துணிக்கொடிக் கிளிப்புகளை நிறம் பிரித்து அடுக்கினார். பிறகு என் புடவைகளை இறக்கி அடர் நிறம் தொடங்கி வெளிர் நிறம் வரை வரிசை வைத்தார். பிறகு எதுவும் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்த முதுகை நான் மறக்கவில்லை. நாள் முழுக்க இவரோடு மல்லுக்கட்டிக்கொண்டே வேலை பார்த்துப் பழகியவள் நான். வெட்டுக் கத்திக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் யாருமில்லை என்றால் என்னால் தாங்க முடியாது. அதனால் இளையவளைக் காப்பாற்றியாக வேண்டும். சக்களத்திக்காக வேண்டிக்கொண்ட முதல் பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பட்டப்பெயர் துடைப்பு. எந்த மெஷினைக் காட்டினாலும் "முதல்ல துடைச்சுப் பார்ப்போம்க்கா" என்பார், அதனால் வந்தது. நோட்டீஸைக் கையில் வாங்கியவர் சிரித்தார்.

"ஒரு வியாதி இல்லக்கா, மூணு வியாதி. ஒண்ணொண்ணா பார்ப்போம். முதல்ல..."

"துடைச்சுப் பார்ப்போம். தெரியும், ஆரம்பிங்க."

இளையவளின் முன்கதவைத் திறந்து, நிறத்துக்கு ஒன்றாக இருந்த நான்கு டோனர் மைத்தூள் டப்பாக்களையும் வெளியே எடுத்தார். உள்ளே நீளமாக, விரல் அகலத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை. லேசர் வெளிச்சம் அது வழியாகத்தான் இறங்குமாம். அதன்மேல் ஒரு இடத்தில் துளி அழுக்கு. "இங்க வெளிச்சம் மறையுது, அங்க தாள்ல கோடு விழுது" என்று மெல்லிய துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார். தாள் அடித்தோம். கோடு போயே போய்விட்டது.

அடுத்து ஈக்கள். ஸ்கேலை எடுத்து ஒரு ஈக்கும் அடுத்த ஈக்கும் நடுவே அளந்தார். பிறகு அதற்கடுத்த ஈ. எல்லாம் ஒரே இடைவெளி.

"உருளைக்கா. ஒரு சுத்து சுத்தினா ஒரு ஈ. உருளையில எங்கயோ கீறல் இருக்கு."

கறுப்பு நிறத்துக்கான உருளையை எடுத்து வெளிச்சம் படாமல் துணியைப் போர்த்தித் திருப்பிப் பார்த்தால், நகத்தால் கிள்ளின மாதிரி ஒரு கீறல். தன்னிடம் கிடந்த வேறொரு செத்த மெஷினிலிருந்து ஓர் உருளையைக் கொண்டுவந்து மாட்டினார். ஈக்களும் பறந்தன. இவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. துடைப்பின் தோளில் தட்டி, "நம்ம பொண்ணுக்கு ஒண்ணுமில்ல பாரு" என்றார்.

ஆனால் மூன்றாவது வியாதி அசையவில்லை. பன் நீலமாகவே இருந்தது. ஈரம் கோத்த தாளோ என்று புதுக் கட்டைப் பிரித்துப் பார்த்தோம், நீலம். டோனர்களைக் குலுக்கிப் போட்டோம், நீலம். நிறங்களைச் சுமந்து தாளில் ஒற்றும் பெல்ட்டைத் துடைத்தார், அப்போதும் நீலம். வியாழக்கிழமை மத்தியானம் துடைப்பு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பெல்ட்டுதான் போயிருக்கணும்னு நினைக்கறேன் அண்ணே. இந்த மாடலுக்கு பெல்ட் இப்ப எங்கயும் கிடைக்காது."

"எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றார் இவர், ரொம்ப மெதுவாக. மூடியை ஒருமுறை தடவிவிட்டு, விசிட்டிங் கார்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டெலிவரிக்குக் கிளம்பிப் போனார்.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, எதையாவது ஒழிக்க ஆரம்பிப்பேன். இளையவள் போனால் அவள் டோனரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அலமாரியைத் திறந்து பெட்டிகளை வெளியே எடுத்துப் போட்டேன். நீலம் ஒன்றே ஒன்று. சிவப்பு ஒன்று. கறுப்பு இல்லவே இல்லை, வாங்க வேண்டும். மஞ்சள்?

மஞ்சள் வந்துகொண்டே இருந்தது. பின்னால் கை விட்டால் இன்னொரு பெட்டி, அதற்கும் பின்னால் இன்னொன்று. எல்லாம் பிரிக்காதவை. ஆர்டர் போடுகிறவள் நான். நான்கையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், மஞ்சள் மட்டும் தீரவே இல்லை, நானும் ஏனென்று கேட்கவில்லை. என்னைப் போல் ஒரு மக்கு உண்டா!

"தம்பி," என்றேன், "பன்னு பொன்னிறமா வரணும்னா எது வேணும்?"

"மஞ்சள்க்கா."

"அந்த மஞ்சளை இவ தின்னவே இல்லையே!"

துடைப்பு பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓடிப்போய் இளையவளின் சின்னத் திரையைத் தட்டினார். நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கம் வந்தது. நீலமும் சிவப்பும் நடுவில் நின்றன. மஞ்சள் கடைசிப் படிக்கட்டில் கிடந்தது. அதற்குக் கீழே இறக்க இடமில்லை.

"யாருக்கா இதை இவ்வளவு கீழ இறக்கினது?"

யார் இறக்குவார்கள்? தினமும் காலையில் ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகை என்று என் கண் முன்னால்தானே நடந்தது.

"அதை நடுவுக்குக் கொண்டு வாங்க" என்றேன்.

ருசித் தாளும் நோட்டீஸும் வந்தன. அடடா! பன் அடுப்பிலிருந்து இப்போதுதான் இறங்கிய மாதிரி பொன்னாக மின்னியது. மகளின் முகத்தில் ரத்தம் ஓடியது. நான் சக்களத்தியைக் கட்டிப்பிடித்து மூடியில் முத்தமே கொடுத்துவிட்டேன். துடைப்பு கைதட்டினார். அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே வந்தார்.

"என்ன, ஒரே கொண்டாட்டம்?"

ருசித் தாளை நீட்டினேன். ஜன்னலோரம் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார்.

"என்ன இது, மஞ்சக்காமாலை வந்த மாதிரி? பொண்ணு முகத்தைப் பாரு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும் போல இருக்கு."

துடைப்பு தரையைப் பார்த்தார். எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடுகிற என் வாய், அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் தாளை இறக்கினார். "நீ பேசாம இருக்கேன்னா ஏதோ பெரிய விஷயம். சொல்லு."

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். ஏ.சி. குளிருக்காக என் நாற்காலி முதுகில் ஒரு சால்வை போட்டிருப்பேன். போன வருஷம் அவர் ஆசையாக வாங்கிவந்தது.

"ஏங்க, அந்தச் சால்வை என்ன கலர்?"

"சந்தனம். நான்தானே எடுத்துட்டு வந்தேன்."

அது வெள்ளை. அசல் வெள்ளை. அன்றைக்கு "உனக்குன்னு சந்தனக் கலர்ல பார்த்து எடுத்தேன்" என்று அவர் பிரித்துக் காட்டியபோது, கடைக்காரன் மாற்றிக் கொடுத்து ஏமாற்றிவிட்டான், பாவம் மனுஷன் மனசு நோகுமே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். இப்போதும் மூடிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அவருக்கு என் முகத்தைப் படிக்க ஜன்னல் வெளிச்சம் தேவையில்லை.

தாளைப் பார்த்தார். சால்வையைப் பார்த்தார். மேசைமேல் குவிந்திருந்த மஞ்சள் பெட்டிகளைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்போ அவ நல்லாத்தான் இருக்கா" என்றார்.

"ஆமாங்க."

"சனிக்கிழமை வண்டியை வரச் சொல்லு. எக்ஸ்சேஞ்சுல என்னைக் குடுத்துடலாம்."

சிரித்துக்கொண்டே சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கடைக்கு வரவில்லை. முதல் நாள் சாயந்தரமே மகள் போனில் கண்புரையாக இருக்கும், சின்ன ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியாகிவிட்டது. அவர் "பார்க்கலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம். நான் தனியாக ஷட்டரைத் தூக்கினேன். இளையவள் முக்கினாள், முனகினாள், பச்சை விளக்கைக் காட்டிவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல் காத்திருந்தாள். மஞ்சளை நேற்றே நடுவில் வைத்தாகிவிட்டது. பொத்தானை அமுக்கினால் வேலை ஓடும். என் விரல் போகமாட்டேன் என்றது. ருசி பார்க்காமல் இந்தக் கடையில் ஒரு தாள் ஓடியதில்லை.

கேக் கடைக்காரம்மா வந்துவிட்டாள், கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு. "ஆச்சாக்கா? நோட்டீஸ்ல இருக்கற அதே பன்னுதான், சூடா கொண்டாந்தேன். அண்ணாகிட்ட அன்னைக்குக் கத்திட்டேன், மனசு கேக்கல."

பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரிஜினல் உட்கார்ந்திருந்தது.

"கடையைப் பார்த்துக்கோம்மா, இதோ வந்துடறேன்" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, நோட்டீஸில் முதல் தாளை அடித்து எடுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நல்ல வேளை, வீடு அடுத்த தெருதான்.

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதே முதுகு.

"ருசி பாருங்க."

"என் நாக்குதான் செத்துப் போச்சே."

"ரொம்பத்தான் அலுத்துக்காதீங்க. தலைக்குள்ள இருக்கற ஒரிஜினலை யார் கேட்டா? இதோ இருக்கு ஒரிஜினல்." பன்னை அவர் மடியில் வைத்தேன். "இதையும் பாருங்க, தாளையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க போதும்."

பன்னைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தாளை ஜன்னல் திட்டில் விரித்தார். அச்சிட்ட பன்னுக்குப் பக்கத்தில் நிஜப் பன்னை வைத்தார். குனிந்தார். தலை இந்தப் பக்கம் சாய்ந்தது. எனக்கு மூச்சு வந்தது.

"ரெண்டையும் ஒரே மஞ்சக் கண்ணாடி வழியாத்தானே பார்க்கறேன்," என்றார் தனக்குத்தானே. "அப்போ வித்தியாசம் தெரியும்ல... ஆமா. மஞ்சள் சரியா இருக்கு. சிவப்புதான் ஒரு சிட்டிகை தூக்கல். இந்த ஓரத்தைப் பாரு, கருகின மாதிரி நிக்குது."

பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நேற்று துடைப்புக்கும் தெரியவில்லை. இருவருக்கும் தெரியாதது இந்த மனுஷனின் பழுதான கண்ணுக்குத் தெரிகிறது! "அப்ப வந்து குறைச்சுக் குடுங்க, எனக்கு அந்தப் பொத்தான் புரியாது" என்று புளுகினேன். பொத்தான் எனக்கு நன்றாகப் புரியும். அவருக்கும் அது தெரியும். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

கடையில் சிவப்பை ஒரு படி இறக்கி அடித்த தாளைக் கேக் கடைக்காரம்மா வாங்கிப் பார்த்தாள். அதன்மேல் விரலை வைத்துத் தடவினாள். "இதுதான்ணா," என்றாள், "இதேதான் என் பன்னு." நிஜப் பன்னைக் கடித்துக்கொண்டே இவர், "கூட்ட வேணாம், குறைக்க வேணாம். ஓட்டு" என்றார். இளையவள் ஓடினாள். மகள் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கண் டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள லென்ஸ் நல்லா பழுத்துப் போச்சு, அதான் எல்லாம் மஞ்சளாத் தெரியுது. எடுத்துட்டு புதுசு வெச்சிடலாம்" என்றார்.

"துடைச்சாப் போகாதா டாக்டர்?" என்று கேட்டார் இவர். அவ்வளவு பயத்திலும்!

"போகாது."

"சரி, மாத்துங்க. ஆனா மெஷினை மாத்தக் கூடாது" என்று மகளைப் பார்த்தார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

முதலில் ஒரு கண். ஆபரேஷன் நாள் நெருங்க நெருங்க அவர் தெளிவாகிவிட்டார், கலங்கியது நான். வெளியே சொல்ல வெட்கமான ஒரு காரணம் எனக்கு இருந்தது. இரண்டு மூன்று வருஷமாக அவர் என்னைப் பார்த்து, "வயசாக ஆக உனக்கு நிறம் ஏறுது. தங்கம் மாதிரி ஆயிட்டே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிமுன் போய் நின்று அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்து, இருக்கலாம் என்றே முடிவுகட்டியிருந்தேன். இப்போதல்லவா புரிகிறது, அது தங்கமும் இல்லை தகரமும் இல்லை, கண்புரை! பன்னுக்குக் குறைந்த மஞ்சள் எல்லாம் எனக்கு ஏறியிருந்திருக்கிறது. கட்டை அவிழ்த்ததும் மனுஷன் என்ன பார்க்கப் போகிறார்? கண் கீழே கருவளையம், நெற்றியில் கோடு, காதோரம் வெள்ளை. அவர் கண் சரியாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், கூடவே கொஞ்சம் மெதுவாகச் சரியாகட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அவ்வளவு நல்லவள் நான்.

கட்டு அவிழ்த்தபோது மகள்தான் கூட இருந்தாள். நான் கடையைத் திறக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அங்கிருந்து நேராக அவரைக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனாள். கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்றார். கழற்றினார். முதலில் பார்த்தது தாள் கட்டை.

"அடக் கடவுளே! இவ்வளவு வெள்ளையா? பழைய பேப்பர்காரன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

அப்புறம் நாற்காலி முதுகைப் பார்த்தார். "இதுவா சந்தனம்?"

"வெள்ளை."

"நீ ஏன் சொல்லல?"

"ஆசையா வாங்கிட்டு வந்தீங்க."

இளையவளைப் பார்ப்பார் என்று நினைத்தேன், அவளிடம் போகவில்லை. என்னிடம் வந்தார். நான் வெட்டுக் கத்தியைத் துடைப்பது போல் குனிந்துகொண்டேன். என் கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் நிறுத்தினார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார், திறந்தார். மற்றதை மூடினார், திறந்தார்.

"என்ன பார்க்கறீங்க?"

"ருசி."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தங்கமெல்லாம் போச்சா?"

"போச்சு." பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நெத்தியில கோடு விழுது. இங்க ஒரு புள்ளி."

"அப்ப உருளையை மாத்துங்க!" என்று கையை உதறப் போனேன். விடவில்லை. பழைய கண்ணை மூடிக்கொண்டு, புதுக் கண்ணால் மட்டும் வெகுநேரம் பார்த்தார். அந்தக் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்.

"கூட்ட வேணாம்," என்றார். "குறைக்க வேணாம்."

பின்னால் இளையவள் முனகி முடித்துப் பச்சை விளக்கைக் காட்டினாள். மிச்சச் சொல்லை நான்தான் சொன்னேன்.

"ஓட்டட்டுமா?"

தலையை ஆட்டினார். நான் கையை விடுவித்துக்கொள்ளாமலே எட்டிப் பொத்தானை அமுக்கினேன்.